பிராடோவும் கேம்பரும்: இதுவரை செய்து பார்த்தவை

எங்களுடையது 2021 டொயோட்டா பிராடோ ஜிஎக்ஸ்எல். 2.8 லிட்டர் டீசல், ஆட்டோ கியர், பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வகை. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,000 கிலோ வரை இழுக்கலாம் என்று டொயோட்டா சொல்கிறது. நாங்கள் வாங்கிய கேம்பர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லர், முழுச் சுமையோடும் 2,000 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு டன் மிச்சம் இருக்கிறதே, இனி என்ன கவலை என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த 3,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து எந்தச் சாமானும் வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிட்னியில் நாங்கள் இருக்கும் தெருவிலேயே படகு இழுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவது பற்றி அவரிடம் கேட்டேன். "உயர்த்திறது பிறகு பாக்கலாம் தம்பி. முதல்ல கொண்டுபோய் எடை நிறுத்துப் பாரும்" என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அதுதான்.

எடைமேடைக்குப் புறப்படும்போது, விடுமுறைக்குப் போவது போலவே ஏற்றிக்கொண்டோம்: நான்கு பேர், பிரிட்ஜ், பின்னால் டிராயர் பெட்டி, கருவிகள், கூரையில் ரேக், இரண்டு டேங்கும் நிறைய டீசல். காட்டிய எடை 2,870 கிலோ. இந்த வண்டியின் ஜிவிஎம், அதாவது வண்டி தன் சக்கரங்களில் தாங்க அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, 2,990. மிச்சம் 120. வண்டியின் பின்னால் கேம்பரை மாட்டும் உருண்டையான டோ பாலின் மேல் கேம்பர் அழுத்தும் எடையோ 170. அந்த எடையும் வண்டியின் கணக்கில்தான் சேரும். ஆக, 1,740 கிலோ கேம்பரை மாட்டியதுமே வண்டி 50 கிலோ வரம்பு மீறிவிடும். 3,000 கிலோ இழுவைத் திறன் அப்போது பேச்சுக்கே வராது.

ஜிவிஎம்மை உயர்த்தும் கிட்டுகள் கிடைக்கின்றன, அதற்கு முறையான சான்றிதழும் வாங்கலாம். ஆனால் ஜிவிஎம் கூடினால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பான ஜிசிஎம் தானாகக் கூடிவிடாது. அந்தச் செலவை ஒதுக்கிவிட்டுச் சாமானைக் குறைத்தேன். டிராயர் பெட்டி வெளியே போனது, 60 கிலோ. 63 லிட்டர் துணை டேங்கைக் காலியாகவே வைத்திருக்கிறோம். பெட்ரோல் பங்க் இல்லாத நீண்ட பாதைக்கு முன்தான் நிரப்புவது. டீசல் லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ என்பதால் அதிலேயே 53 கிலோ மிச்சம். தண்ணீர்க் கேனை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கேம்பரின் தொட்டியில் பிடித்தோம். தொட்டி அச்சுக்கு முன்னால் இருப்பதால் டோ பால் எடை உடனே ஏறியது. கருவிப்பெட்டியைக் கேம்பரின் பின்பக்கம் நகர்த்தி 180-இல் நிறுத்தினேன். கேம்பர் இப்போது 1,780. அதில் பத்தில் ஒரு பங்கு மூக்கில், அதாவது டோ பாலின் மேல் இருக்கிறது. அதைவிட ரொம்பக் குறைத்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். வண்டி 2,740, டோ பாலோடு சேர்த்து 2,920. நிம்மதியான எண்.

180 கிலோ என்பது பின் அச்சுக்கு வெறும் 180 இல்லை. பிராடோவின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2,790 மில்லிமீட்டர். பின் அச்சிலிருந்து டோ பால் வரை நான் அளந்தது சுமார் 1.2 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சிலிருந்து 77 கிலோ தூக்கப்படுகிறது. பின் அச்சில் ஏறுவது 257. முகப்பு விளக்கு மரக்கிளையைப் பார்ப்பதும், ஸ்டியரிங் லேசாகிப் போவதும் இதனால்தான். பின்பக்கம் மட்டும், எப்போதும் 200 கிலோ கூடுதல் சுமை இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்த காயில் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் போட்டேன். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும், கேம்பரை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வைத்திருக்கிறேன். சுமையோடு வண்டி இப்போது மட்டமாக நிற்கிறது. முன்பக்க இரும்பு புல்பார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதன் எடைக்கு எங்கள் கணக்கில் இடமில்லை.

அடுத்தது பிரேக். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் போகும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றால் தானே பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். எங்களுடையது ஒற்றை அச்சு, மின்சார பிரேக். அதை இயக்க ரெட்ஆர்க் டோ-ப்ரோ கருவியை டேஷ்போர்டில் பொருத்தினோம். வெளியே தெரிவது ஒரு சின்னத் திருகு மட்டும். தார் ரோட்டில், வண்டி எவ்வளவு வேகம் குறைக்கிறதோ அதற்கேற்ப டிரெய்லரையும் அதுவே பிடிக்கும். மண் இறக்கத்தில் இன்னொரு முறைக்கு மாற்றிக்கொண்டால், நாம் வைத்த அளவு மாறாமல் பிடிக்கும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டி பிரேக்கைத் தொடாமல் அந்தத் திருகை மட்டும் அழுத்த வேண்டும். காலி ரோட்டில் மெதுவாகப் போய், கை தானாக அங்கே போகும்வரை பழகினேன்.

சோதனைக்கு விக்டோரியா பாஸ். ப்ளூ மவுண்டன்ஸிலிருந்து மேற்கே ஹார்ட்லி பள்ளத்தாக்குக்கு இறங்கும் செங்குத்தான பாதை; கைதிகளைக் கொண்டு கட்டி 1832-இல் திறந்தது. கேம்பரோடு மூன்றாம் கியரில் இறங்கினோம். எஞ்சினே பெரும்பாலும் பிடித்துக்கொண்டது, பிரேக் காயும் வாடையே இல்லை. திரும்பி ஏறும்போது நான் பார்த்தது கியர் ஆயிலின் சூட்டை. கியரை வண்டியின் போக்குக்கே விட்டால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விட்டு விட்டுத் திறந்து சூடு 110 டிகிரியைத் தொட்டது. கியர் வரம்பை நாமே வைக்கும் எஸ் நிலையில் நான்காம் கியருக்கு மேல் போகாமல் வைத்ததும் 100-க்குள் இறங்கியது. வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ரீடர் ஒன்று இருந்தால் போதும், இதை நீங்களும் பார்க்கலாம். இழுக்கிறவர்கள் எல்லோரும் வாங்க வேண்டிய பொருள் அது.

டயர் 265/65 ஆர்17 அளவிலேயே, லைட் டிரக் தர ஆல்-டெரெய்ன். இழுக்கும்போது முன்னால் 36, பின்னால் 40 பிஎஸ்ஐ. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், குளிர்ந்த நிலையில் இருந்ததைவிட 6 பிஎஸ்ஐ-க்குள்தான் ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆரம்பத்தில் காற்று போதவில்லை என்று அர்த்தம். மணலுக்கு, கேம்பர் இல்லாமல், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஸ்டாக்டன் கடற்கரைக்குப் போனோம். 32 கிலோமீட்டர் நீளம், மேலே போகப் போகச் சர்க்கரை மாதிரி மணல். 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கியதும் வண்டி அலட்டாமல் மிதந்து போனது.

கேம்பரோடு மண்பாதைக்கு வாட்டகன்ஸ் காடு. டயர் காற்று வண்டியில் 28, கேம்பரில் 26 பிஎஸ்ஐ. முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழலும்படி சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டி, மெதுவாக அதிக இழுவை தரும் லோ ரேஞ்சில் போட்டதும் ஏற்றம் பெரிய விஷயமாக இல்லை. கவனிக்க வேண்டியது, மழைத்தண்ணீர் வடியப் பாதையின் குறுக்கே போட்டிருக்கும் மண்மேடுகள்தான். வண்டி மேட்டைத் தாண்டி இறங்கும்போது கேம்பர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். இணைப்பு அந்த இடத்தில் கூர்மையாக மடங்கும். சாதாரண 50 மில்லிமீட்டர் உருண்டை இணைப்புக்கு அந்தக் கோணம் ஆகாது. மூன்று திசையிலும் திரும்பும் டிஓ35 இணைப்பை அதற்காகவே போட்டோம். சங்கிலியும், வண்டியிலிருந்து கேம்பருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஆண்டர்சன் பிளக் வயரும் தரையில் உரசாமல், அதே சமயம் திருப்பத்தில் இழுபடாமல் இருக்க வேண்டும். முழு ஸ்டியரிங் ஒடித்து நிறுத்தி, என் மனைவி இறங்கிப் பார்த்து, வயரை ஒரு சாண் மேலே கட்டச் சொன்னாள். அதன் பிறகு தொல்லை இல்லை.

வண்டி புதைந்து மாட்டிக்கொண்டால் இழுப்பது பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டோ பாலில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. உருண்டை உடைந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். முன்னால் வண்டியோடு வந்த வளையங்களும் வண்டியைக் கப்பலில் கட்டி அனுப்பத்தான். சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கும், தாங்கும் அளவு பொறித்த கொக்கிகளை இரண்டு பக்கமும் மாட்டியாயிற்று. கூடவே கயிற்றை மாட்டும் நார் ஷேக்கிள், சக்கரத்தின் கீழே பிடிமானத்துக்கு வைக்கும் மேக்ஸ்ட்ராக்ஸ் பலகை ஒரு ஜோடி. புதைந்தால் முதலில் மண்வெட்டி, பிறகு டயர் காற்றை இறக்குவது, பிறகு பலகை. கயிறு கடைசி, அதுவும் கேம்பரைக் கழற்றிவிட்டு.

பாக்கி இருப்பது கேம்பரைத் தாண்டிப் பின்னால் பார்க்க நீட்டிக் கண்ணாடிகளும், வண்டி ஓடும்போதே கேம்பர் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜரும். இரண்டும் சேர்ந்து ஆறேழு கிலோ வரலாம். மாட்டிய பிறகு திரும்பவும் எடைமேடை.