கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால்

"தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது மிஸ்" என்று ஏழெட்டுக் குரல்கள் வந்தன. இருபது நிமிடம் நடத்தினேன். ஏழாவது ஸ்லைடுக்கு வந்த பிறகு ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி, "மிஸ், எங்களுக்கு முதல் பக்கமே நிக்குது" என்றாள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் கடந்த வாரம் அது. பெரம்பூரில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து கரண்ட் வந்துவிட்டது. ஆனால் வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பிள்ளைகள் என் வீட்டுக்கு வரும் நிலையில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு, கணக்குப்பதிவியல், அரையாண்டுத் தேர்வு வேறு தலைக்கு மேல். அதனால் லேப்டாப்பில் வகுப்பைத் தொடங்கினேன். சாலைகள் காய்ந்த பிறகும் அதை விடவில்லை. வார நாட்களில் இரவு ஏழரைக்கு ஆன்லைன், சனிக்கிழமை நேரில் என்று இன்றுவரை ஓடுகிறது.

அந்த இருபது நிமிடத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் திரையில் ஏதோ ஒன்று தெரிந்தது, அதனால் தெரியுது என்றார்கள். நடந்தது இதுதான்: என் லேப்டாப்பில் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட மீட்டிங் செயலியில் பகிரும்போது முழுத் திரையைத் தேர்ந்தெடுக்காமல் பவர்பாயின்ட் விண்டோவை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஸ்லைடு ஷோவைத் தொடங்கினால் அது தனியாக இன்னொரு விண்டோவில் திறக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தது புது விண்டோ, பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது பழையது. முழுத் திரையையே பகிர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. அல்லது ஸ்லைடு ஷோவை முதலில் ஓடவிட்டு, அதற்கப்புறம் ஷேர் பொத்தானை அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, இது ஒரு நாள் நடந்து போனது. என்னை உலுக்கியது அடுத்த சனிக்கிழமை நோட்டுத் திருத்தியபோது கண்ணில் பட்டது.

கூட்டாளி சேர்ப்புப் பாடம். இரண்டு கூட்டாளிகள் 3:2 விகிதத்தில் இலாபம் பகிர்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மூன்றாவது ஆள் வருகிறார். மீதி ஐந்தில் நான்கைப் பழையவர்கள் அதே 3:2இல் பிரித்துக்கொண்டால் புதிய விகிதம் 12:8:5. மூன்று பேருடைய நோட்டில் 12:6:5 என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் 25 வரவேண்டிய இடத்தில் 23. "என்னம்மா, எட்டு எப்படி ஆறாச்சு?" என்று கேட்டேன். "ஆறுன்னுதான் மிஸ் தெரிஞ்சுது. நெட் ஸ்லோன்னு நினைச்சோம்" என்றாள் வியாசர்பாடிப் பெண்.

நெட் காரணமே இல்லை. கூட்டாண்மை பற்றி ஒரு ஐந்து நிமிட வீடியோவை அன்றைக்கு முதலில் போட்டிருந்தேன். வீடியோ திக்காமல் ஓட வேண்டும் என்று, பகிரும் பெட்டியில் வீடியோவுக்கு ஏற்றபடி மாற்றும் தேர்வில் டிக் வைத்தேன். வீடியோ முடிந்ததும் அதே பகிர்வில் அப்படியே கணக்குக்குத் தாவிவிட்டேன். அந்த டிக் இருந்தால் செயலி அசைவு சீராக இருப்பதற்கு முதலிடம் கொடுத்து, எழுத்தின் கூர்மையைக் குறைத்துவிடும். ஓடும் படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. எட்டின் மேல் வளையத்தில் வலது பக்கக் கோடு கொஞ்சம் மங்கினால் போதும், அது ஆறு. வீடியோ முடிந்ததும் பகிர்வை நிறுத்தி, டிக்கை எடுத்துவிட்டு, புதிதாகப் பகிர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பொதுத்தேர்வில் அந்த எட்டுக்கு மார்க் உண்டே.

நெட் மேல் பழி போடும் பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெற்றோருக்கும் உண்டு. அசையாத எழுத்தைப் பகிர நெட் மிகக் குறைவாகவே பிடிக்கும். கேமரா இல்லாமல் திரையை மட்டும் பகிர நொடிக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும் என்று ஜூம் சொல்கிறது. திரை உண்மையிலேயே திக்கினால் என் கேமராவை அணைத்துவிடுவேன். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் திக்கினால் என் பக்கத்து அப்லோடை, அதாவது இங்கிருந்து வெளியே போகும் நெட் வேகத்தைப் பார்க்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் என்றால் அந்த வீட்டை.

பி.எட். பயிற்சியின்போது கரும்பலகையில் எழுதி முடித்ததும் தலைமையாசிரியை என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவார். "எழுதினதைப் போய்ப் படிச்சுட்டு வாம்மா" என்பார். அங்கே உட்கார்ந்தால்தான் ஜன்னல் வெளிச்சம் பட்டு வலது மூலை பளபளப்பது தெரியும். முப்பது வருடம் அதைச் செய்தவள், லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் மறந்திருக்கிறேன். அந்த மூன்று நோட்டுகளைப் பார்த்த அன்று இரவே பீரோவிலிருந்து பழைய போனை எடுத்தேன். "கடைசி பெஞ்ச்" என்ற பெயரில் அதை வகுப்பில் சேர்த்து லேப்டாப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். மைக்கும் ஒலியும் இரண்டுமே அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை முழுக்கக் கூவும். வீட்டு வைஃபையில் இணைக்காமல் மொபைல் டேட்டாவிலேயே விட்டேன், ஏனென்றால் பிள்ளைகள் பார்ப்பது அதில்தான்.

அந்தப் போன் எனக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சமில்லை. நான் ஒரு வரியைக் காட்டிப் பேசத் தொடங்கிய பிறகுதான், ஒரு நொடி தள்ளி, அந்த வரி அங்கே வருகிறது. அதனால் இப்போது புது வரிக்குப் போனால் ஒரு மூச்சு விட்டுப் பேசுகிறேன். லேப்டாப்பில் அழகாக இருந்த மறுமதிப்பீட்டுக் கணக்கு, பற்றும் வரவும் அக்கம்பக்கமாக, உள்ளங்கை அகலத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரிந்தது. எக்செல்லில் 160 சதவீதம் பெரிதாக்கி, ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும் காட்டினால் படிக்க முடிகிறது. "தெரியுதா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். "மூணாவது வரியில என்ன தொகை இருக்கு?" என்று யாராவது ஒருவரைக் கேட்கிறேன்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் பாடத்தின்போது வேறு பிரச்சினை. போனில் முழுக்கக் கறுப்பு, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது. என் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப் இரண்டு. திரையை ஒன்று வரைகிறது, மீட்டிங் செயலி இன்னொன்றில் ஓடிக்கொண்டு படம்பிடிக்கப் பார்க்கிறது, கையில் எதுவும் சிக்குவதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், மீட்டிங் செயலிக்குப் பவர் சேவிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, செயலியை மூடித் திறந்ததும் சரியாயிற்று. கறுப்புத் திரைக்கெல்லாம் இதுவே மருந்து என்று சொல்ல மாட்டேன். கட்டணப் படச் சேவைகளைப் பகிர்ந்தாலும் பல சமயம் கறுப்பாகத்தான் போகும். அது காப்புரிமைப் பூட்டு, பழுதில்லை.

அடையாறில் வணிகவியல் எடுக்கும் என் தோழிக்கு ஆப்பிள் லேப்டாப். அவள் பகிர்ந்தால் பிள்ளைகளுக்கு வால்பேப்பர் மலை மட்டும் தெரியும், மேலே திறந்திருக்கும் எதுவும் தெரியாது. 2019இல் வந்த கேட்டலினா என்ற ஆப்பிள் இயங்குதளப் பதிப்பிலிருந்து, திரையைப் பதிவுசெய்யும் அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனியாகக் கொடுத்தாக வேண்டும். பிரைவசி பகுதியில் போய் அனுமதி கொடுத்தாள், ஆனால் செயலியை முழுவதுமாக மூடித் திறக்கவில்லை. நான் போனில் சொல்லச் சொல்ல மூடித் திறந்தாள். மலைக்கு மேல் பேரேடு வந்துவிட்டது. அவள் போட்ட சந்தோஷக் கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

வீடியோ போடும்போது பிள்ளைகளுக்குச் சத்தம் போகவில்லை என்பதற்கு அநேகமாக ஒரே காரணம்தான். பகிரும் பெட்டியில் ஒலியையும் பகிர் என்று ஒரு டிக் இருக்கும், அதை வைக்காமல் விட்டிருப்போம்.

பிள்ளைகள் தங்கள் போனிலிருந்து பகிரும்போதுதான் எனக்கு உண்மையான கவலை. பாதிப் பேர் கையில் இருப்பது அம்மாவின் போன். கொளத்தூர்ப் பையன் ஒருவன் தான் போட்ட கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தபோது மேலே வங்கியின் ஓடிபி வந்து இறங்கியது. பதினாலு பேர் பார்த்தோம். எங்கள் வகுப்பு என்பதால் ஒன்றும் ஆகவில்லை. திரையைக் காட்டச் சொல்லிப் பணத்தை எடுத்துவிடும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 15 வந்த பிறகு, பகிரும்போது இப்படிப்பட்ட அறிவிப்புகளைப் போனே மறைக்கப் பார்க்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருப்பது பழைய போன்கள். அதனால் என் வகுப்பில் போன் திரையைப் பகிர்வதை நிறுத்திவிட்டேன். நோட்டைப் படம் எடுத்து அனுப்பினால் நான் திறந்து காட்டுகிறேன். வெளியாள் யாராவது போனில் பேசி, "ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க" என்றால் உடனே கட் பண்ணச் சொல்லி அம்மாக்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

நாளைக்குக் கூட்டாளி விலகல் தொடங்குகிறது. மூன்று கூட்டாளிகளின் முதல் கணக்கை, அதாவது மூலதனக் கணக்கை, ஒரே அட்டவணையில் போட்டால் கடைசி பெஞ்சில் படிக்க முடியவில்லை, இப்போதுதான் பார்த்தேன். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடப் போகிறேன். போனையும் சார்ஜில் போட வேண்டும்.