டோர்னமென்ட் ஆடிய படகை வாங்கலாமா?

"அண்ணா, மூணு வருஷப் படகு, 21 அடி, 250 ஹெச்பி எஞ்சின், 400 மணி நேரம் ஓடியிருக்கு. ஆனா டோர்னமென்ட் ஆடுன ஆளோடதாம். ஆபீஸ்ல எல்லாரும் கிட்டயே போகாதேங்கறாங்க."

டெக்சஸ் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் தம்பி ஒருவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். டோர்னமென்ட் என்று அவன் சொல்வது பாஸ் மீன் பிடிக்கும் போட்டியை. இதே கேள்வி அடிக்கடி வருவதால் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். என் பதில்: கிட்டே போ, நன்றாகக் குனிந்து பார், சரியாக இருந்தால் வாங்கு.

பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் இருக்கும் வேட்டை மீன். போட்டிகளில் பெரும்பாலும் ஆளுக்கு 5 மீன்தான் கணக்கு. உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுவிட்டு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். அதற்காகப் படகுக்குள்ளேயே பம்ப் வைத்த தண்ணீர்த் தொட்டி இருக்கும், லைவ்வெல் என்பார்கள். நல்ல கம்பெனியின் 21 அடிப் படகைப் புதிதாக எல்லாம் மாட்டி எடுத்தால் 1 லட்சம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்தப் பணத்தில் வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிடலாம் என்பது என் மனைவியின் நிரந்தரக் கருத்து. மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை.

எனக்குச் சொந்தப் படகில் போட்டி ஆடும் வசதி இல்லை. நான் கோ-ஆங்க்லர், அதாவது பின்பக்கம் நின்று மீன் பிடிப்பவன். குலுக்கலில் யார் படகு விழுகிறதோ அதில் ஏறிக்கொள்வேன். அதனால் பலர் படகை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

முதலில் கெட்ட செய்தி. இவர்கள் படகைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் வரிசையாக விடுவார்கள். த்ராட்டிலை மிதித்தால் மணிக்கு 70 மைல். டெக்சஸில் இருக்கும் சாம் ரேபர்ன் ஏரி 1 லட்சம் ஏக்கருக்கும் மேல். அதில் தெற்குக் காற்று எழும்பிவிட்டால் படகு அலைக்கு அலை தூக்கித் தூக்கி அடிக்கும். அடுத்த நாள் என் இடுப்பே அதற்குச் சாட்சி. லேக் ஃபோர்க் ஏரியில் வேறு கதை. அணை கட்டும்போது வெட்டாமல் விட்ட மரங்கள் தண்ணீருக்கடியில் அப்படியே நிற்கின்றன. மெதுவாகத்தான் போவோம், ஆனாலும் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். முன்னால் இருப்பவர் ஒரு நிமிடம் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த தூண்டிலை எறிவார். முன்தளத்தில் ஏழெட்டுத் தூண்டில் கம்புகள் கிடக்கும். தூண்டில் நூலில் கட்டும் டங்ஸ்டன் குண்டுகள் ஜெல்கோட்டில், அதாவது படகின் பளபளப்பான மேல்பூச்சில், பொட்டுப் பொட்டாகக் கொத்தியிருக்கும். தூண்டிலில் மாட்டும் பிளாஸ்டிக் புழுவின் வால் பச்சையாகத் தெரிவதற்கு ஒரு பூண்டு நாற்றச் சாயத்தில் முக்குவார்கள். அது தரைவிரிப்பில் சிந்தினால் படகின் ஆயுள் முழுக்கப் போகாது.

அதே ஆள் சாயங்காலம் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். மோட்டல் பார்க்கிங்கில் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து எல்லா பேட்டரிக்கும் சார்ஜ் போடுகிறார். ட்ரெய்லர் சக்கரத்தின் ஹப்பைத் தொட்டுச் சூடு பார்க்கிறார். ப்ரொப்பெல்லரைக் கழற்றி உள்ளே தூண்டில் நூல் சுற்றியிருக்கிறதா என்று டார்ச் அடிக்கிறார். அந்த நூல், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்தால் கியர் ஆயிலுக்குள் தண்ணீர் போய்விடும். படகின் மேல் பாசம் என்றெல்லாம் இல்லை. பாஸ்மாஸ்டர் என்ற பெரிய போட்டித் தொடரின் விதிப்படி எடை போடத் தாமதமானால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு கழிவு. 15 நிமிடத்தைத் தாண்டினால் அன்றைய மீன் அத்தனையும் கணக்கில் இல்லை. சின்னக் கிளப்புகளிலும் இதே மாதிரி விதிதான். நடு ஏரியில் எஞ்சின் நின்றால் நுழைவுக் கட்டணம், லீவு, பெட்ரோல் எல்லாம் தண்டம். அதனால் மேலே கீறல் விழுந்தால் கவலைப்படமாட்டார்கள், உள்ளே ஒரு சத்தம் மாறினால் தூங்கமாட்டார்கள்.

மணிக்கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரைக் கேட்கலாம்: ஓடுகிற வண்டி கெடாது, நிறுத்தி வைத்த வண்டிதான் செலவு வைக்கும். கராஜில் பளபளவென்று மூடி வைத்த, வருடத்துக்கு நாலு தடவை மட்டும் தண்ணீர் பார்த்த படகைப் பார்த்திருக்கிறேன். மெழுகு பூசி முகம் பார்க்கலாம் போல இருந்தது. டாங்கில் எத்தனால் கலந்த பழைய பெட்ரோல், லைவ்வெல் பம்ப் இறுகிக் கிடக்கிறது, ட்ரெய்லர் டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கிறது. மணிக்கணக்கு மட்டும் அழகாக இருந்தது.

இவர்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் விற்கிறார்கள் என்ற சந்தேகமும் வேண்டாம். மெர்க்குரி, யமஹா எஞ்சின்களுக்கு அடிப்படை வாரண்டி 3 ஆண்டு. அது முடிவதற்குள் கைமாற்றினால் நல்ல விலை. படகு கம்பெனிகளும், போட்டியில் ஜெயிப்பவர் தங்கள் படகில் ஆடியிருந்தால் தனிப் பரிசுப்பணம் தருகின்றன. அதற்குப் படகு புதிதாக இருக்க வேண்டும், முதல் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வரும். பெரிய தொடர்களில் ஆடுபவர்களுக்குத் தள்ளுபடியில் படகு கிடைக்கும். சீசன் முடிந்ததும் விற்றுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அதாவது வாங்கும் அன்றே விற்கும் விலையை மனதில் போட்டு வைத்திருக்கிறார்கள். நூறு மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துவது அதற்குத்தான். கிழக்கு டெக்சஸில் ஒருவர் ஸ்டீயரிங் இருக்கும் கன்சோலுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பைரல் நோட்டை எடுத்துக் கொடுத்தார். கியர் ஆயில் மாற்றிய தேதி, எஞ்சின் மணி, பழைய எண்ணெயின் நிறம் வரை பென்சிலில் எழுதியிருந்தார். முன்மூக்கில் இருந்த வெடிப்பை நான் கேட்பதற்கு முன் அவரே காட்டினார். அந்த நோட்டுக்காகவே ஆயிரம் டாலர் கூடக் கொடுக்கலாம்.

விலை உண்மையில் கரைவது எலக்ட்ரானிக்ஸில். கார்மின் கம்பெனியின் லைவ்ஸ்கோப் என்ற சோனார் கருவி 2018இல் வந்தது. மீன் நீந்துவதை நேரலையாகத் திரையில் பார்த்துத் தூண்டில் போடலாம். அதிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி திரைக்கு மேல் திரையாக மாட்டினார்கள். 2025இல் பாஸ்மாஸ்டரின் உச்சத் தொடரான எலீட்டில் மொத்தத் திரை அளவு 55 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடே போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிகள் இரண்டு வருடத்தில் பழசு. 'எல்லாம் சேர்த்து 20 ஆயிரம் டாலர் போட்டேன்' என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு, அதைக் கழித்து விலை கேளுங்கள். கழற்றிக்கொண்டுதான் விற்பேன் என்றால் இன்னும் நல்லது. ஆணி ஓட்டைகளைச் சரியாக அடைத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஸ்பான்சர் ஸ்டிக்கர் சுற்றிய படகென்றால், உரித்த பிறகு மூடியிருந்த இடமும் வெயில் பட்ட இடமும் வேறு வேறு நிறமாக இருக்கும். பாலிஷ் போட்டால் ஓரளவுதான் போகும்.

பார்க்கப் போகும்போது டீலரிடம் எஞ்சின் கம்ப்யூட்டர் அறிக்கை எடுத்துத்தரச் சொல்லுங்கள். எந்த வேகத்தில் எத்தனை மணி ஓடியது என்று பிரித்துக் காட்டும். பாதி நேரம் ஐடிலில் ஓடிய 400 மணியும், முழு வேகத்தில் ஓடிய 400 மணியும் ஒன்றல்ல. எஞ்சினின் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, அது மாட்டியிருக்கும் பின்சுவர் வளைகிறதா என்று பாருங்கள். வளைந்தால் பேச்சே வேண்டாம், காரை எடுங்கள். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தாலும் அப்படியே. பிறகு கட்டாயம் தண்ணீரில் இறக்கி ஓட்டுங்கள். கராஜில் எல்லாப் படகும் நன்றாகத்தான் ஓடும்.

டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்குத் தனி டைட்டில், ட்ரெய்லருக்கு வேறு. எஞ்சின் டைட்டிலில் உள்ள எண் எஞ்சினில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். படகின் பின்பக்கம் பதித்திருக்கும் 12 எழுத்து எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். விளம்பரத்தில் ஒரு வருடம் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு.

பேரத்துக்கு நவம்பர், டிசம்பர் நல்லது. பிப்ரவரி கடைசியில் மீன்கள் கரைப்பக்கம் வர ஆரம்பித்ததும் ஆட்களும் வந்துவிடுவார்கள். விலையில் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் ட்ரெய்லரோடு இழுத்துப்போகப் போடும் கவரைக் கேளுங்கள். அந்த மாடலின் அளவுக்கே தைத்தது, புதிதாகத் தைத்தால் ஆயிரம் டாலர் வரை ஆகும். அவருடைய அடுத்த படகுக்கு அது சேராது, கொடுத்துவிடுவார்.