பிக்காச்சுவும் எர்த் கம்பியும்

ஒக்டோபர் 11, சனி. கிளிநொச்சி

அக்காவின் மகன் கொப்பியில் வழக்குப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டான். இடப்பக்கம் ‘ஆட்டம்’, வலப்பக்கம் ‘தொடர்’. பிராணிகளைப் பிடித்து மோதவிடுகிற போக்கிமொன் கார்ட்டூன் தன் மூல வீடியோ கேமோடு எங்கெல்லாம் முட்டுகிறது என்று பார்க்கிறானாம். கனடாவிலிருந்து வந்த பழைய கேம்போய் அட்வான்ஸ், கூடவே போக்கிமொன் ரெட் ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ். கார்ட்ரிட்ஜுக்குள் இருந்த பொத்தான் பற்றரி செத்துப்போயிருந்தது. அது இல்லாமல் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. புதிதாக ஒன்று ஒட்டிக் கொடுத்தது நான்தான். அதனால் விசாரணையில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்திருக்கிறது.

முதல் குற்றச்சாட்டு: 1996 ஆட்டத்தில் பேராசிரியர் தருவது புல்பசோர், சார்மேண்டர், ஸ்குவர்ட்டில் மூன்றில் ஒன்று. பிக்காச்சு காட்டுக்குள் பிடிபடுகிற எலி. தொடரின் நாயகன் ஆஷ் பிந்தி எழும்பியதால் அவனுக்கு மிஞ்சியது அதுதான். தள்ளுபடி என்றேன். கதை எங்காவது தொடங்கத்தானே வேண்டும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்று பெரிய வழக்கு. ஐந்தாவது அத்தியாயத்தில் ஆஷின் பிக்காச்சு, அரங்குத் தலைவன் புரோக்கின் ஓனிக்ஸை மின்சாரத்தால் மடக்குகிறது. ஓனிக்ஸ் பாறையும் மண்ணும் கலந்த வகை. ஆட்டத்தில் மண் வகைக்கு மின் தாக்குதல் பூச்சியம். குறைவு என்றுகூட இல்லை. “மாமா, இது சுத்தப் பிழை” என்றான்.

தொடர்க்காரர்களும் சும்மா விடவில்லை. முதலில் ஆளில்லாத நீராலையின் மின்னாக்கியால் பிக்காச்சுவுக்கு அளவுக்கு மீறி மின்னேற்றுகிறார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் தீயணைக்கும் நீர்த்தூவி திறந்து ஓனிக்ஸ் நனைந்த பிறகுதான் வேலை நடக்கிறது. அப்போதும் ஆஷ் வெல்லவில்லை: புரோக்கின் தம்பி தங்கைகள் குறுக்கே வர அவன் நிறுத்திவிடுகிறான், பதக்கத்தைப் புரோக்கே பிறகு கொடுக்கிறான். விதி தெரிந்தவர்கள்தான் இப்படிச் சுற்றி வளைத்திருப்பார்கள்.

ஒக்டோபர் 15, புதன்

பின்னேரம் இரணைமடுப் பக்கம் ஒரு புது வீட்டில் எர்த் ரொட் இறக்கினேன். மழை தொடங்கியதால் ரொட் லேசாக இறங்கியது. ஓகஸ்டில் இதே காணியில் மண் காய்ந்து கிடந்திருக்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அளவீடு சரிவந்திருக்கும்.

ஓனிக்ஸ் நினைவுக்கு வந்தது. மண்ணில் மின்சாரம் ஏறாது என்பது ஆட்டத்தின் கணக்கு. வயரிங்காரன் கணக்கில் மண் என்பது மின்சாரம் ஓடி மறையும் இடம், ஓடும் வழியில் ஆளும் ஆபத்தும் உண்டு. மரத்தடியில் நிற்கிற மாடு இடி நேராக விழாமலே சாகும். மண்ணில் பரவும் மின்சாரத்தில் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபடும். கால் இடைவெளி கூடக் கூட ஆபத்தும் கூடும். ஓனிக்ஸின் நீளம் ஆட்டத்திலேயே 8.8 மீட்டர். நனைந்த தரையில் அவ்வளவு நீளத்துக்கு நீட்டி நிமிர்ந்து கிடக்கிற பிராணிக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். இந்த வழக்கில் தொடர் பக்கம் நிற்கிறேன்.

ஒக்டோபர் 18, சனி

பையனுக்கு மாட்டுக் கதை பிடித்தது, தீர்ப்புப் பிடிக்கவில்லை. அடுத்ததை எடுத்தான். 1998இல் வந்த அத்தியாயம், எரிமலைக்குள் இருக்கிற பிளேனின் அரங்கு. எதிரே ரைடன், இதுவும் மண், பாறை. ஆஷ் கொம்பைக் குறிவைக்கச் சொல்கிறான், ரைடன் விழுகிறது. போதாக்குறைக்கு, ரெட் ஆட்டத்துப் பிளேனிடம் ரைடனே கிடையாது. முழுக்க நெருப்பு வகை.

இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. உச்சியில் கூர்க்கம்பி, அடியில் மண்: அதற்குப் பெயர் இடிதாங்கி. அப்படிப் பிறந்த பிராணிக்கு எந்த இடத்தில் மின்னல் அடித்தால் சேதம் குறைவோ, அந்த இடத்தையே ஆஷ் குறிவைக்கிறான்.

வேடிக்கை அதற்குப் பிறகு. 2002இல் ரூபி, சஃபையர் ஆட்டங்கள் ஒவ்வொரு போக்கிமொனுக்கும் தனித் திறன் கொடுத்தன. ரைடனுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று இடிதாங்கி. இருவர் இருவராக மோதும்போது எதிரியின் மின் தாக்குதலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மண் வகை என்பதால் ஒன்றும் ஆகாது. கொம்பு தொடரில் பலவீனம், ஆட்டத்தில் கவசம். கொப்பியில் இதற்கு ஒரு முழுப் பக்கம்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வீடு நிறையச் சனம். மச்சான் கேட்டார், இந்தத் தொடர் எப்போது வந்தது என்று. ஜப்பானில் 1997 ஏப்ரல் 1. அடுத்த மாதம் இங்கே ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம், மின்சார எலிக்கு அப்போது வன்னியில் நல்ல மதிப்பு இருந்திருக்கும் என்றார் அவர். சிரித்தோம். அத்தோடு பலகாரம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

இன்னொரு அரங்குத் தலைவி சப்ரினாவின் விவகாரம். அவளுடையது மனோசக்தி வகை. தொடரில் அவளை மடக்கப் பேய் வகை வேண்டும் என்று ஆஷுக்குச் சொல்லப்படுகிறது. அவன் லாவெண்டர் கோபுரம்வரை போய் ஹோண்டர் என்ற பேயைக் கூட்டிவருகிறான், அது சப்ரினாவைச் சிரிக்கவைக்கிறது, பதக்கம் கிடைக்கிறது. (இந்தப் பையனுக்கு எத்தனை இரக்கப் பதக்கம்!)

மருமகன் கார்ட்ரிட்ஜில் சோதித்தான். சப்ரினாவின் அலகசாமை ஹோண்டர் நக்கியது, அது ஒரு பேய்த் தாக்குதல். ஒரு பாதிப்பும் இல்லை. “பாருங்கோ, தொடர் பொய்.”

இல்லை, இங்கே பிசகியது ஆட்டம். பேய்த் தாக்குதல் மனோசக்தியைப் பலமாகப் பாதிக்கவேண்டும் என்பதுதான் திட்டம், புரோகிராமில் அது பூச்சியமாகப் போய்விட்டது. பிறகு 1999இல் வந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களில் திருத்தினார்கள். அதோடு ஹோண்டர் பாதி நச்சு வகை, அலகசாமின் ஒரு அடிக்கே சாய்ந்துவிடும். ஆகவே ரெட் ஆடிய பிள்ளைகளுக்குத் தொடர் புளுகுவதாகத் தெரிந்திருக்கும். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நினைத்ததைச் சொன்னது அந்தத் தொடர்தான்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியில் மூன்றாவது நிரலுக்குக் கோடு போட்டான்: ‘ஆட்டத்தின் பிழை’.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மூன்றாவது நிரல் வேகமாக வளர்கிறது. சாரிசார்டு என்ற நெருப்புப் போக்கிமொனுக்கு அவ்வளவு பெரிய இறக்கை இருந்தும் ரெட் ஆட்டத்தில் பறக்கும் வித்தையைக் கற்பிக்க முடியாது. தொடரில் அது ஆளையே சுமந்து பறக்கிறது. 1998இல் வந்த யெல்லோ ஆட்டம் இதைச் சரிசெய்தது.

அந்த யெல்லோ தொடரைப் பார்த்துச் செய்த ஆட்டம். பிக்காச்சு மற்றவை அடைபடும் பந்துக்குள் போகாமல் பின்னாலேயே நடக்கும், அதை உருமாற்றும் இடிக்கல்லைக் கொடுத்தால் வாங்காது, தொடரின் வில்லன்கள் ஜெசியும் ஜேம்ஸும் வருவார்கள். இவ்வளவு வளைந்துகொடுத்த ஆட்டம் ஓனிக்ஸில் அசையவில்லை. பிக்காச்சுவை மட்டும் நம்பிப் புரோக்கிடம் போனால் அடிதான் மிச்சம். வழியில் மாங்கி என்ற குரங்கைப் பிடித்து, உதைக்கப் பழக்கிக்கொண்டு போகவேண்டும்.

நீர்த்தூவி இல்லாத அரங்கு என்றேன். “அரங்குக்குள்ள தண்ணி வாளி கொண்டுபோக விடமாட்டாங்களோ மாமா?” என்று கேட்டான். இப்போது கோல்ட் கார்ட்ரிட்ஜ் வேண்டுமாம், பேய்த் திருத்தத்தைத் தானே சரிபார்க்க. கனடாவுக்குச் சொல்லியிருக்கிறோம். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.