சோளகத்திலும் வாடையிலும் கொடுவா தேடி

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு லீவில் போகிற எங்களில் பலர் ஆடி, ஆவணியில்தான் போவோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா, கலியாணவீடுகள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் வரும். நான் சில வருசங்களாக அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன். ஒருமுறை சித்திரையில் போனால் அடுத்தமுறை கார்த்திகையில், பிறகு தையில். எல்லாம் ஒரு மீனுக்காக, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்கிறார்களே அதற்காக. கொடுவா.

லூர், அதாவது மீனை ஏமாற்றுகிற போலி இரை, எறியப் பழகியது கனடாவில். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் வடக்கே ஓடினால் சிம்கோ ஏரி. ஜூன் மாதக் கடைசிப் பக்கம் பாஸ் என்கிற நன்னீர் மீனின் சீசன் திறந்ததும் விடியமுதலே கரையில் ஆள் நிற்கும். பெரியவாய் பாஸ் பாசிக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கும். சின்னவாய் பாஸுக்குக் கல்லும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். இரண்டுமே ஓடித் துரத்துவதைவிட ஒளித்திருந்து பாய்கிற மீன்கள். கொடுவாவும் அதே சாதிக் குணம். விலங்கியல் கணக்கில் இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. ஆனால் மறைவில் நிற்பதும், நீரோட்டம் இரையைக் கொண்டுவரும் வரை பொறுப்பதும், திடீரென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுவதும் ஒன்றுதான். அதனால் ஏரியில் பழகிய கை யாழ்ப்பாணத்துக் களப்பிலும், அதாவது கடல்நீரேரியிலும், உதவியது.

எடையில் மட்டும் பேச்சே இல்லை. பெரியவாய் பாஸின் உலகச் சாதனை 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1932இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிடிபட்டது, அதற்குச் சமமான ஒன்று 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்டது. கொடுவாவில் 2010இல் ஆஸ்திரேலியாவின் மொண்டூரான் ஏரியில் பிடித்தது 44 கிலோவைத் தாண்டியது. யாழ்ப்பாணக் களப்பில் அப்படி ஒன்றை எதிர்பார்த்துப் போக வேண்டியதில்லை. நாலு கிலோக் கொடுவா ஒன்று ஏறினாலே தோள்மூட்டு இரண்டு நாளைக்குக் கதை சொல்லும்.

சாமான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிற விசயம் அதுதான். ஏழு அடித் தடி, மீடியம் ஹெவி, இரண்டு துண்டாகக் கழலுகிறது. ஒரே துண்டுத் தடியை விமானத்தில் கொண்டுபோவது பெரும்பாடு. பாஸுக்கு நான் பேய்ட்காஸ்டர் ரீல்தான் பாவிப்பேன். ஊரில் அதைத் தொடுவதில்லை. சோளகக் காற்றில் லூர் நடுவானில் தயங்கும், ரீல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், நூல் குருவிக்கூடாகிவிடும். அதனால் எறியும்போது உருளை சுழலாத ஸ்பின்னிங் ரீல், 4000 அளவு. அதில் 30 இறாத்தல் தாங்குகிற பிரெய்ட் (பின்னல்) நூல், நுனியில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, 50 இறாத்தல் தங்கூசி (நைலோன் இழை).

அந்தத் தங்கூசியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கொடுவாவுக்குக் கடித்து அறுக்கிற பல் இல்லை. ஆனால் வாயின் உள்ளும் உதடும் அரம் மாதிரிச் சொரசொரப்பு. ஒரு மீனோடு பத்து நிமிசம் இழுபட்ட பிறகு தங்கூசியை விரலால் தடவிப் பார்த்தால், தூண்டில் முள்ளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு அதன் மினுக்கம் போய் வெள்ளை பூத்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முடிய வேண்டும். நல்லாத்தானே இருக்கிறது என்று அடுத்த எறிக்குப் போனால் அடுத்த மீன் அறுத்துக்கொண்டு போகும். செவுள் மூடியின் ஓரமும் அப்படித்தான், கையையே வெட்டும் கூர். மீனைத் தூக்க செவுளுக்குள் விரல் விடவே கூடாது. கீழுதட்டைப் பிடிகருவியால் பிடித்து, மற்றக் கையை வயிற்றுக்குக் கீழே கொடுக்க வேண்டும்.

பாஸுக்கென்று விற்கிற லூர்களில் முக்கால்வாசி இங்கேயும் வேலை செய்யும். கூட வருகிற முள்தான் உதவாது. நன்னீருக்கான மெல்லிய மூன்றுமுள்ளைக் கொடுவா நிமிர்த்திவிடும், உப்புத்தண்ணீர் துருவாக்கிவிடும். வாங்கியவுடனே கழற்றி, கடலுக்கான தடித்த முள்ளாக மாற்றிவிடுவேன். முள், ஈயம், தங்கூசி எல்லாம் யாழ்ப்பாணம் டவுனில் வலைச்சாமான் கடைகளில் எடுக்கலாம். லூர்தான் கையோடு கொண்டுவர வேண்டும்.

சரி, சித்திரைக்கு வருவோம். வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத இடைக்காலம் அது. களப்புத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், பகல் முழுக்க வெயில் அவிக்கும். கொடுவா வெக்கையை விரும்புகிற மீன் என்றாலும் உச்சிவெயிலில் வாய் திறக்காது. பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு பண்ணை வீதிக்குப் போக வேண்டும். கோட்டையைத் தாண்டி, களப்புக்குக் குறுக்கே வேலணைப் பக்கம் போகிற அந்த வீதியில், பாலத்தடிகளில் பின்னேரங்களில் எப்போதும் யாரோ தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். போத்தலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயம், முள்ளில் உயிர் இறால். அவ்வளவுதான் அவர்களுடைய சாமான். என்னுடைய தடியைவிட அதற்கு மீன் கூடப் படுகிற நாள்கள் நிறைய.

அங்கே ஒரு அப்பு. தடியைப் பொருத்திக்கொண்டு நின்ற என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "தம்பி, தூர எறியிறதுக்கோ உது?" என்றார். ஓம் அப்பு என்றேன். "தூரத்திலை என்ன கிடக்கு? முழங்கால் தண்ணியும் சாதாழையும்தான். பாலத்துக்குக் கீழை பாரும், வத்து இழுக்குது. தண்ணி தூணிலை பட்டுத் திரும்புற இடம் தெரியுதோ? அதுக்குப் பின்னாலை நிக்கும்."

யாழ்ப்பாணக் களப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாக்கு நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது சுமார் இரண்டு அடிதான். ஆனால் அவ்வளவு பெரிய ஆழமில்லாத களப்பின் தண்ணீர் முழுவதும் வீதியில் விட்டிருக்கிற சில வாய்களுக்குள்ளால்தான் போய் வர வேண்டும். வற்று, அதாவது கடல் இறங்குவது, தொடங்கி முதல் ஒரு மணித்தியாலம் அந்த வாயில் தண்ணீர் வேகமாக ஓடும். மணலைக் குஞ்சும் இறாலும் அதோடு அள்ளுப்படும். தூணுக்குப் பின்னால், ஓட்டம் தணிகிற இடத்தில் கொடுவா நிற்கும். லூரை ஓட்டத்துக்கு மேல்பக்கம் போட்டு, தண்ணீரோடு தூணைத் தாண்டிப் போகவிட வேண்டும். நாங்கள் சுற்றுகிற வேகம் தண்ணீரின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கலாம்.

அன்று பொழுது பட்டு வெளிச்சம் மங்கிய நேரத்தில், ஒரு சாண் நீள வெள்ளி மினோ லூர் தூணைத் தாண்டியது. "டொப்" என்று ஒரு சத்தம். கொடுவா வாயைத் திறந்து மூடுகிற சத்தம் அது, ஒருக்கால் கேட்டவர் மறக்கமாட்டார். நூல் இறுகியதும் மீன் தண்ணீரைவிட்டு முழுசாக வெளியே வந்து தலையை உதறியது. பாஸும் இப்படித் துள்ளும். துள்ளுகிற கணத்தில் தடியை இறக்கி நூலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இறுக்கிப் பிடித்தால் லூர் கழன்று பறக்கும். விழுந்ததும் உடனே இறுக்கி, தூணை நோக்கி ஓடவிடாமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்பு தன்னுடைய தங்கூசியைச் சுருட்டி வைத்துவிட்டுக் கீழே கல்லில் இறங்கி நின்றார். டோர்ச் வெளிச்சம் பட்டதும் மீனின் கண் பொன்சிவப்பாக மினுங்கியது. நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மச்சான் வீட்டில் அடுத்தநாள் தலை கூழுக்குப் போனது, நடுத்துண்டு குழம்புக்குப் போனது.

வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாதி வரை இந்த வேலை வேறு. தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கும், பின்னேரம் இன்னும் உரக்கும். களப்பு கலங்கி மண்ணிறமாகும், பாசி அறுந்து மிதந்து ஒவ்வொரு எறிக்கும் முள்ளில் தொங்கும். பலர் இந்தக் காலத்தில் தூண்டிலை மூட்டை கட்டிவிடுவார்கள். எனக்கு விடியப்புறம் பிடிக்கும். சூரியன் ஏறுமுன் காற்று தணிந்திருக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில், அரியாலை, நாவற்குழிப் பக்கம் கண்டல் மரங்கள் உள்ள கரைகளுக்குப் போவேன். மிதக்கிற லூரை விட்டுவிட்டு, 15 கிராம் ஈயத்தலை முள்ளில் ரப்பர் மீனைக் குத்தி, காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் தாழ்வாக எறிய வேண்டும். கண்டல் வேருக்குக் கிட்ட விழுந்தால் நல்லது. தரையைத் தொடவிட்டு, தடி நுனியை மெதுவாக உயர்த்தி மறுபடி விழவிட வேண்டும். பாஸுக்கு ரப்பர்ப் புழுவைப் பாசிக்குள் குதிக்க வைக்கிற அதே கைவேலை. இங்கே கிடைக்கிற கொடுவா சின்னன், ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. இடையில் பாரை மீன் ஒன்று கொழுவினால் கை பதறும். அது துள்ளாது, நேராக ஓடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். களப்பில் கம்பு நட்டு வலை கட்டிய களங்கட்டிகளைப் பார்ப்பீர்கள். மீன் அந்தக் கம்புகளை அண்டித்தான் நிற்கும், எறிய ஆசை வரும். எறியாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. மூன்றுமுள் கொழுவிக் கிழிந்த வலையைத் தைக்க ஒரு நாள் தொழில் போகும். சிறகுவலைகளுக்கும் இதேதான். பொழுதுபோக்குக்கு வந்த நாங்கள் தொழிலுக்கு வந்தவருக்கு வழிவிட வேண்டும், இதில் இரண்டாம் பேச்சு இல்லை. கடற்படை முகாம் உள்ள கரைகளில் கேட்டுவிட்டு இறங்குவதும் நல்லது.

பிறகு மாரி. என் மனம் முழுக்க இருக்கிற காலம் ஐப்பசி, கார்த்திகைதான். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறென்று ஒன்றும் இல்லை. வருச மழையில் பெரும்பங்கு இந்த இரண்டு மூன்று மாதத்தில் கொட்டி, வயலும் குளமும் வழிந்து களப்புகளுக்குள் வந்து சேரும். தொண்டைமானாற்றில் களப்பு கடலைச் சந்திக்கிற இடத்தில் தடுப்பணை இருக்கிறது. உள்ளே வெள்ளம் மட்டு மீறினால் கதவைத் திறந்துவிடுவார்கள். நன்னீர் சிவந்து நுரைத்துக் கடலுக்குள் பாயும்போது, அதோடு வருகிற குஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் கடல்பக்கம் பெரிய மீன்கள் வந்து காத்து நிற்கும். கொடுவா உப்பிலும் வாழும், நன்னீரிலும் வாழும். முட்டையிடுவது உப்பான முகத்துவாரத்தில், குஞ்சு வளர்வது உள்ளே களப்பிலும் சதுப்பிலும். இப்படியான வாசல்கள் அதற்குப் பிறந்த வீட்டுப் பாதை.

கதவு திறந்த செய்தி மச்சானின் வாட்ஸ்அப்பில் வந்தது. மழைக்கோட்டோடு போய் இறங்கினோம். சந்நிதி கோயில் பக்கத்தில் மீன் விசயம் கூடாது. கோயிலை விட்டு நல்லாத் தள்ளி, கடல்பக்கக் கரையில்தான் நின்றோம். கலங்கல் தண்ணீரில் வெள்ளி நிறம் எடுபடாது. கறுப்பும் பொன்னும் கலந்த, உள்ளே குண்டு கிலுகிலுக்கிற லூர் போட்டேன். கண்ணால் காணாத மீன் அதிர்வை உணர்ந்து வரும். பழுப்புத் தண்ணீரும் நீலக் கடலும் முட்டுகிற கோட்டின் ஓரமாக இழுத்துக்கொண்டு வர, தடி அப்படியே மடிந்தது. இது துள்ளவில்லை. அடியோடு கிடந்து, ஓட்டத்தையும் துணைக்கு எடுத்துக்கொண்டு கடலை நோக்கிப் போனது. ரீலின் பிரேக்கைக் கூட்டவும் பயம், விடவும் பயம். மச்சான் "விடு, விடு, ஓடட்டும்" என்று கத்திக்கொண்டே இருந்தான். கரைக்கு வந்தபோது நீட்டி அளந்தோம்: 94 சென்ரிமீற்றர்.

நான் அதைத் திருப்பி விட்டேன். கரையில் நின்ற ஒரு அண்ணை, "ஐயோ தம்பி, என்ன காசு தெரியுமே உது!" என்று வாயில் கைவைத்தார். அவருடைய கணக்கு நியாயம். என்னுடைய கணக்கு வேறு. கொடுவாவில் பெரும்பாலானவை ஆணாகத்தான் முதிரும், சில வருசம் போய்ப் பெரிதான பிறகு பெண்ணாக மாறும். 80, 90 சென்ரிமீற்றர் தாண்டியது அநேகமாக முட்டையிடுகிற பெண். ஒருமுறையில் இலட்சக்கணக்கில், பெரியதென்றால் கோடிக்கணக்கில்கூட இடும். மீன் விற்றுப் பிழைக்காத நான் அதை எடுக்க வேண்டிய தேவை இல்லை. வாலடியைப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றோம். செவுள் ஒழுங்காக அடிக்கத் தொடங்கியதும் கையை உதறிக்கொண்டு போனது.

தை, மாசியில் வாடைக்காற்றுக் குளிரில் கொடுவா சோம்பும். அராலி, மண்டைதீவுப் பக்கம் பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கு அது நல்ல காலம், தூண்டிலுக்குப் பொறுமைக் காலம். சின்ன லூர், மிக மெதுவான இழுவை, வெயில் ஏறித் தண்ணீர் சூடான பத்து மணிக்குப் பிறகு. நாள் முழுக்க நின்று ஒன்று பட்டால் சந்தோசம். பாசையூர்ச் சந்தைக்கு விடியப் போனால் எந்தப் பக்கத்தில் என்ன படுகிறது என்று கேட்டு அறியலாம், நண்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.

அடுத்த லீவு புரட்டாதிக் கடைசியில். சோளகம் விழுந்து மாரி தொடங்கமுதல் உள்ள அந்தக் கொஞ்ச நாளில் சங்குப்பிட்டிப் பாலத்தடியில் நிற்கத்தான் ஆசை. 2011இல் பாலம் திறக்கமுதல் கேரதீவிலிருந்து பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவையில், கடந்த இடம் அது. பூநகரிப் பக்கத்துத் தூண்களில் பெருக்கு நேரம், அதாவது கடல் ஏறும்போது, நல்ல இழுவை இருக்கிறது என்று மச்சான் சொல்கிறான். 20 கிராம் ஈயத்தலைகளும் புது முள்ளும் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன்.