சங்கிலி அவிழ்த்த ஊரும் எங்கள் சித்தியும்

பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு வேலைக்காகக் குடிபோன முதல் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரும்பாடு. ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், கடைகள் அடைத்திருக்கும். புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலைக்காவது போகலாம். கென்டில் மியூசியம் மியூசியமாக ஏறி இறங்கினேன். அப்படிப் போனதில் மனதைப் பிடித்துக்கொண்டது டாக்டர் கிஸ்லேன் மியூசியம்.

1857-இல் மனநோயாளிகளுக்கென்றே கட்டிய செங்கல் கட்டடம் அது. 1986-இல் மியூசியமானது, ஆனாலும் அந்த வளாகத்தில் மனநலச் சிகிச்சை இன்றும் நடக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊரிலும் நோயாளிகளைப் பழைய கோட்டையின் நிலவறையில் சங்கிலி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். ட்ரீஸ்ட் என்ற பாதிரியாரும் மருத்துவர் ஜோசஃப் கிஸ்லேனும் அதை மாற்றினார்கள். கட்டிவைக்கும் கருவிகளையும் மின்னதிர்ச்சிப் பெட்டிகளையும் ஒளிக்காமல் வைத்திருக்கிறார்கள். மனநோயோடு வாழ்ந்தவர்கள் வரைந்த ஓவியங்களும் உண்டு. அவற்றை விட்டு நகரவே மனம் வரவில்லை.

எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் இருந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்?

கென்டில் கூட வேலை பார்க்கும் ஒருவர், சாப்பாட்டு வேளையில் தன் அண்ணனின் மனச்சிதைவு நோயைப் பற்றி, சர்க்கரை நோயைச் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் வீட்டில் நிலைமை வேறு. முத்தியால்பேட்டைச் சித்தி, தம்பியை ஜிப்மருக்கு மாத்திரை வாங்க அழைத்துப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டில் “கண் டெஸ்ட்” என்றுதான் சொல்வார்.

லீவில் வந்தபோது சித்திக்குப் போனில் படங்களைக் காட்டினேன்.

“இப்பவும் கட்டிப் போடலாமாடா?”

“கூடாது சித்தி. 2017 சட்டத்துல சங்கிலி போடுறதையே தடை பண்ணிட்டாங்க.”

அப்புறம் கேல் என்ற ஊரைப் பற்றிச் சொன்னேன். அதுவும் பெல்ஜியம்தான். பல நூற்றாண்டுகளாக அந்த ஊர்க் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. கூடவே சாப்பாடு, கூடவே வேலை.

“அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்குச் சம்பந்தம் அமையுதா?” என்றார் சித்தி. தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம், அவர் கவலை அது.

“தலைமுறை தலைமுறையா நடக்குது சித்தி. அமையாமலா இருக்கும்?”

தம்பியின் நோயை மறைத்துக் கல்யாணம் பேச வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சித்தி வெகுநேரம் யோசித்தார். “சரி, தரகர்கிட்ட முதல்லயே சொல்லிடுவோம். சித்தப்பாகிட்ட நீயே பேசு” என்றார்.