வலி போனது, கல் போகவில்லை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பற்றவைக்கும்போது சுடர் அலையும் என்று மின்விசிறி போட மாட்டோம். வியர்வை கொட்டும், கைவேலையை விட்டுத் தண்ணீர் குடிக்க யாரும் எழுவதில்லை. போன சித்திரையில் ஒரு விடியற்காலை, இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தொடை இடுக்குவரை இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, வாந்தி வேறு.

மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. சிடி ஸ்கேனில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில் 6 மி.மீ. கல். 5 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், இதற்கும் நான்கு வாரம் பார்க்கலாம் என்று, குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எழுதினார் மருத்துவர். கல் விழுகிறதா என்று சிறுநீரைத் தேநீர் வடிகட்டியில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் அந்த நிமிடமே வந்துவிடுங்கள் என்றார்; அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாம்.

பத்தாம் நாள் வலி சுத்தமாக நின்றது. அம்மா தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார்கள். கல் கரைந்துவிட்டது என்றே நம்பினோம். ஆனால் அந்தத் தேநீர் வடிகட்டியில் ஒரு மணல் துளிகூட விழவில்லை. "விழாத கல் எங்கே போயிருக்கும்?" என்று கேட்டு, மறு ஸ்கேனுக்கு இழுத்துப்போனவள் என் மனைவி. கல் அதே இடத்தில் இருந்தது. சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தது. வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் கெட்டுப்போகலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வழி சொன்னார்கள். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்தால் உடம்புக்குள் கருவி எதுவும் போகாது. ஆனால் தூள் தானாக இறங்க வேண்டும், மறுபடியும் செய்ய நேரலாம். இன்னொன்று, சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் உடைத்து எடுப்பது. ஒரே தடவையில் முடியட்டும் என்று லேசரைக் கேட்டேன். முதுகில் மரப்பு ஊசி; ஒரு தையல்கூட இல்லை.

பாடெல்லாம் பிறகு, சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலில்தான். சிறுநீர் கழித்து முடிக்கும்போது விலாவில் சுரீர் என்று இழுக்கும். அடிக்கடி முட்டும். அதிகம் நடந்த நாளில் சிறுநீர் சிவக்கும். இரண்டு வாரத்தில் எடுத்தார்கள். அந்தத் தேதியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் ஸ்டென்டின் மேலேயே கல் படியும்.

எடுத்த துண்டுகளைப் பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் என்று வந்தது. கால்சியம் என்பதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம், உப்பைக் குறையுங்கள், நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள் என்றார்கள். இப்போது பட்டறையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பாட்டில் நிற்கிறது. மதியத்துக்குள் அது காலியாகாவிட்டால் நானே போய்க் கேட்கிறேன்.