சிடி4 எங்க போச்சு?

"அக்கா, சிடி4 எங்க போச்சு?"

லேபில் கூட இருந்த பிள்ளை, சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் திரையைப் பார்த்துக் கேட்டது. சிடி4 என்பது உதவி டி செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதம். தூண்டாத டியூபில் சிடி4 கூட்டம் தனியாகத் தெளிவாக நின்றது. செல்களைத் தூண்டும் மருந்துகளாக மில்லிக்கு பி.எம்.ஏ. 50 நானோகிராம், அயனோமைசின் 1 மைக்ரோகிராம் போட்டு, 37 டிகிரியில் ஐந்து மணி நேரம் வைத்த டியூபில் அது இடப்பக்கம் சரிந்து, சிடி4 இல்லாத செல்களோடு கலந்து கிடந்தது.

"அது பி.எம்.ஏ. செய்யிற வேலை. சிடி3 இருந்து சிடி8 இல்லாததை சிடி4-ன்னு கேட் போடு" என்றேன். சிடி3 டி செல்களின் பொது அடையாளம், சிடி8 கொல்லும் டி செல்களின் அடையாளம். கேட் போடுவது என்றால் திரையில் வேண்டிய கூட்டத்தை மட்டும் வளைத்துப் பிரிப்பது.

பதில் தப்பில்லை. பி.எம்.ஏ. புரோட்டீன் கைனேஸ் சி-யை முடுக்க, சிடி4-ன் வாலில் பாஸ்பேட் ஏறி, ஏற்பி செல்லுக்குள் இழுபடுகிறது. பலரும் இப்படித்தான் கேட் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கேட்டுக்குள், பெரும்பாலும் சிடி4 இல்லாத காமா டெல்டா டி செல்கள் என்ற வேறு வகையும் வந்து விழும். நாங்கள் அளக்கும் சைட்டோகைனான (செல்கள் சுரக்கும் செய்திப் புரதம்) இன்டர்ஃபெரான் காமாவைச் சுரப்பதில் அவை சளைத்தவை அல்ல. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் நாகர்கோவில் வந்த உறையாமல் ஹெப்பாரின் சேர்த்த 10 மில்லி ரத்தம் அது. மறுபடி குத்திக் கேட்க முடியாது. அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொள்கிறேன், பிறகு அதையே சந்தேகிக்கிறேன்.

சிடி4 மட்டும் என்றால் விட்டுவிடலாம். செல்லின் மேலிருக்கும் வேறு அடையாளப் புரதங்களான சிடி62எல், சிடி16 இரண்டையும் ஏடாம்17 என்ற நொதி வெளியே வெட்டி எறிந்துவிடும். சிடி62எல் சில நிமிடங்களிலேயே போய்விடும். அதை வைத்துப் பிரித்தால், எந்த நோயையும் பார்க்காத செல்கூட நினைவுச் செல்லாகத் தெரியும். செல் தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி69-க்கு நேர்மாறான சிக்கல். தூண்டியதும் புதிதாக உருவாகி மேலே வர வேண்டியது, சுரப்பதை செல்லுக்குள்ளேயே நிறுத்தி வைக்கும் பிரெஃபெல்டின் ஏ-யை ஆரம்பத்திலேயே சேர்த்தால் உள்ளேயே தங்கிவிடும். இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் ஒரே டியூப் காட்டும். சிடி3 ஆன்டிபாடியால் தூண்டினாலும் தப்ப முடியாது: டி செல் ஏற்பியே உள்ளே போகும், சாயம் ஏற்ற வரும் ஆன்டிபாடிக்கு இடமும் அடைபடலாம்.

அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்போ நாம பாக்கது அந்த ஆளுக்க செல்லையா, நாம போட்ட மருந்துக்க வேலையையா?"

"ரெண்டும்தான்" என்றேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? தூண்டாத டியூபைப் பக்கத்தில் வைத்திருக்கிறோமே, அதுதானே ஆளின் செல் என்றும் தோன்றுகிறது. ஆனால் அது சுரக்காது. சுரக்கும் செல் எது என்று கேட்டுத்தானே தூண்டுகிறோம்.

அடுத்த முறை சிடி4 ஆன்டிபாடியை மேற்பரப்பில் போடாமல், ஃபிக்ஸ் செய்து சவ்வைத் துளைத்த பிறகு சைட்டோகைன் ஆன்டிபாடிகளோடு சேர்த்துப் போட்டோம். கூட்டம் திரும்ப வந்தது, முன்பைவிட மங்கலாக. முந்தைய மாதிரியின் கோப்பில் "சிடி4" என்று எழுதியிருந்ததை அடித்து, "சிடி3 உள்ள, சிடி8 இல்லாத செல்கள்" என்று திருத்தினேன். விழுக்காடு மட்டும் அப்படியே நிற்கிறது.